காலில் விழும் வெள்ளைக் கோடு: தோலின் சுவரும் செடிகளின் கொழுப்பும்

பள்ளிக்கூட நாட்களில் மார்கழி வந்தால் எங்களுக்கெல்லாம் இலவசமாக ஒரு சிலேட்டு கிடைக்கும். வறண்டு சாம்பல் பூத்துப்போன அவரவர் முழங்கால்தான் அது. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கீறினால் பளிச்சென்று வெள்ளைக் கோடு விழும். பெயரின் முதலெழுத்து, கூட்டல் கணக்கு, பக்கத்து பெஞ்சுக்காரனைப் பற்றிய ரகசியம், எதை வேண்டுமானாலும் எழுதலாம். எச்சில் தொட்டு அழித்தால் மறையும்; காய்ந்ததும் மங்கலாகத் திரும்பி வரும். ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினாலோ சிலேட்டே காணாமல் போய்விடும்.

எண்ணெய் தடவியதும் தோல் சரியாகிவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். அதில் பாதிதான் சரி. கோடு மறைவது ஒன்று, தோல் சரியாவது வேறொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைய கிரீம் விளம்பரங்கள் எல்லாம் குடித்தனம் நடத்துகின்றன.

கோடு ஏன் வெள்ளையாக இருக்கிறது? வறண்ட தோலில் மேல்செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்கும். நகம் பட்டதும் இன்னும் கொஞ்சம் பெயரும். செதில்களுக்கு இடையே காற்று புகும். வெளிச்சம் அந்த இடுக்குகளில் பட்டு எல்லாப் பக்கமும் சிதறும்போது நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. கண்ணாடி மாதிரி இருக்கும் கற்கண்டைப் பொடித்தால் வெள்ளை மாவாகிவிடுகிறதே, அதே கதைதான். எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பியதும் வெளிச்சம் சிதற இடமில்லை. பஜ்ஜி மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி போலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் தாள் பலமாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் தோலைப் பலப்படுத்துவது எது? அதற்கு முதலில் சுவர் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செங்கல்லும் கலவையும்

நம் உடம்பில் ஆக மேலே இருப்பது உயிருள்ள தோல் இல்லை. கீழே பிறந்து, மெல்ல மேலேறி, போகிற வழியில் தட்டையாகிச் செத்துப்போன செல்களின் அடுக்கு அது. உள்ளங்கை, உள்ளங்கால் நீங்கலாக மற்ற இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியின் கனத்தில் கால்வாசி இருந்தால் அதிகம். அதற்குள்ளே 15, 20 வரிசை செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கின்றன. செல்களுக்கு நடுவில் கொழுப்பு. இந்தக் கொழுப்பு வகையறாவைத்தான் லிப்பிட் என்கிறார்கள். செல்கள் செங்கல், லிப்பிட் கலவை என்ற உவமையை 1980-களில் பரவலாக்கியவர் பீட்டர் எலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர். இன்றுவரை தோலைப் பற்றிப் பாடம் எடுக்கும் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

வீட்டுச் சுவர் மழையை வெளியே நிறுத்த. இந்தச் சுவரின் முதல் வேலை அதற்கு நேர் எதிர்: உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது. வியர்க்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாளைக்கு 300, 400 மில்லி தண்ணீர் தோல் வழியாக ஆவியாகிறது. சுவர் நன்றாக இருக்கும்போதே இவ்வளவு. தண்ணீர் செல்களுக்கு இடையே, கலவை வழியாக, வளைந்து நெளிந்துதான் போக வேண்டியிருக்கிறது. கலவையோ கொழுப்பு, தண்ணீருக்கும் அதற்கும் ஆகாது. அதனால்தான் வெறும் 400 மில்லியோடு நாம் தப்பிக்கிறோம். கலவை கெட்டுப்போனால் தண்ணீர் வெளியே போவதோடு நிற்காது. சோப்பும் தூசியும் கிருமியும் அதே வழியில் உள்ளே வரும். அரிப்பு, சிவப்பு, எரிச்சல் எல்லாம் அதற்கு அப்புறம் வருகிற விருந்தாளிகள்.

கலவையில் மூன்று சரக்கு. எடையில் ஏறக்குறைய பாதி செரமைடு, கால்வாசி கொலஸ்ட்ரால், 10 முதல் 15 சதவீதம் கொழுப்பு அமிலங்கள். செரமைடு உருவத்தில் பெரியது என்பதால் எடையில் முந்துகிறது. மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட சமம். கொலஸ்ட்ரால் என்றதும் ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஞாபகம் வரலாம். இங்கே அது நல்ல பிள்ளை.

பாத்திரம் தேய்ப்பவர்களின் விரலிடுக்கில் இந்தக் கலவை கரைவதைக் கண்ணால் பார்க்கலாம். தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பு உடையது; பிஎச் கணக்கில் 5-க்குப் பக்கம். சோப்புக் கட்டி 9, 10. அது அழுக்கோடு சேர்த்துக் கலவையிலிருந்தும் கொழுப்பை உருவிக்கொண்டு போகிறது. போதாக்குறைக்கு, புதிதாகச் செரமைடு தயாரிக்கும் நொதிகள் புளிப்பான இடத்தில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சுவரையும் இடித்து, கொத்தனாரையும் வீட்டுக்கு அனுப்பினால் எப்படி?

கொத்தனார் என்றதும் இன்னொன்று. வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: "ஒண்ணுக்கு நாலு போடு", "ஒண்ணுக்கு ஆறு போடு" என்று சித்தாளுக்கு அளவு சொல்லித்தான் கலவை போடச் சொல்வார்கள். பலமாக இருக்கட்டுமே என்று சிமெண்டை மட்டும் அள்ளிப் பூசினால் வெடித்துவிடும். தோலிலும் அப்படித்தான். எலியாஸின் குழுவினர் 1990-களில் எலிகளின் தோலை அசிட்டோனால் துடைத்துக் கொழுப்பை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள். நகப்பூச்சு அழிக்கிறோமே, அதே அசிட்டோன். மூன்று சரக்கில் ஏதோ ஒன்றை மட்டும், அல்லது இரண்டை மட்டும் தடவியபோது தோல் தேறுவது தாமதமானது! மூன்றையும் சேர்த்துத் தடவியபோதுதான் வழக்கமான வேகத்தில் தேறியது. மூன்றில் ஒன்றைக் கூடுதல் பங்காக வைத்துக் கலந்தபோது வேகம் இன்னும் கூடியது. "செரமைடு உள்ளது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் டப்பாவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எலிகள்தான் ஞாபகம் வரும். கூட யார் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிப் பார்ப்பேன்.

குடித்த தண்ணீர் எங்கே போனது?

இனி செடிகளுக்கு வருவோம். ஆனால் கதை தொடங்குவதும் எலிகளிடம்தான்.

1929-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற கணவனும் மனைவியும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்து வளர்த்தார்கள். கொழுப்பு என்றால் வெறும் எரிபொருள், அது இல்லாவிட்டால் மாவுச்சத்து அந்த இடத்தை நிரப்பிவிடும் என்றுதான் அன்று பெரும்பாலோர் நம்பினார்கள். எலிகளோ வளர மறுத்தன. வால் செதில் செதிலாக உரிந்தது, பாதம் வறண்டு வெடித்தது. அதோடு ஒரு விசித்திரம். அவை நிறையத் தண்ணீர் குடித்தன. ஆனால் சிறுநீர் அதற்கேற்பக் கூடவில்லை. குடித்தது எங்கே போகிறது? தோல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

மறு வருடமே மருந்தையும் அவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: லினோலெயிக் அமிலம். செடிகள் தங்கள் விதைகளில் சேர்த்துவைக்கும் ஒரு கொழுப்பு அமிலம். எலியாலும் நம்மாலும் அதை உடம்புக்குள் தயாரிக்க முடியாது; சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நாளுக்குச் சில சொட்டுகள் கொடுத்ததும் எலிகள் தேறின.

அது அங்கே என்ன செய்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் விளங்கியது. தோலில் உள்ள செரமைடுகளில் ஒரு வகை மிக நீளமானது. அதன் நுனியில் ஒரு லினோலெயிக் அமிலம் கோத்திருக்கிறது. கலவையின் ஓர் அடுக்கை அடுத்த அடுக்கோடு பிணைப்பது இந்த நீளமான செரமைடுதான். கட்டட வேலையில் கம்பிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கட்டுக்கம்பி மாதிரி. உடம்பில் லினோலெயிக் அமிலம் தீர்ந்துபோனால் தோல் வேலையை நிறுத்துவதில்லை. கையில் இருக்கும் ஒலெயிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலத்தை அந்த இடத்தில் கோத்துவிடுகிறது. கட்டுக்கம்பி இல்லாத நாளில் சணல் கயிற்றால் கட்டுவதைப் போல. பார்வைக்குக் கட்டிய மாதிரிதான் இருக்கும். ஒழுகும்.

செடியிலிருந்து வரும் கொழுப்பு, தோலின் மேலே பூசும் மெழுகு மட்டும் இல்லை. ஒரு பகுதி சுவருக்குள்ளேயே கட்டுமானப் பொருளாகப் போகிறது. சாப்பிட்டால் போகிறது, சரி. தடவினால்? 1974-ல் குடலின் பெரும்பகுதியை இழந்து, சாப்பிட்ட கொழுப்பை உறிஞ்ச முடியாமல் இருந்த நோயாளிகளின் கையில் மருத்துவர்கள் சூரியகாந்தி எண்ணெயைத் தடவிவந்தார்கள். ரத்தத்தில் லினோலெயிக் அமிலம் ஏறியது. தோல் வழியாகத் தண்ணீர் போவதும் குறைந்தது. பின்னால் வேறு சிலர் முயன்றபோது எல்லோரிடமும் இது இவ்வளவு அழகாகப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எண்ணெய் மேலே மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது.

டாக்காவின் குறைமாதக் குழந்தைகள்

இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது டாக்கா சிசு மருத்துவமனையில் 1998 முதல் 2003 வரை நடந்த ஆய்வு. 33 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தைகள். அவர்களுக்குத் தோலின் சுவர் இன்னும் கட்டி முடிந்திருக்காது. தண்ணீர் ஒழுகும், சூடு இறங்கும், கிருமி புகுந்துவிடும். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குத் தினமும் சூரியகாந்தி எண்ணெய் தடவினார்கள். தடவாத குழந்தைகளோடு ஒப்பிட்டால், மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் இவர்களிடம் 41 சதவீதம் குறைந்தன. இறப்பும் குறைந்தது. பெட்ரோலியக் களிம்பு தடவிய இன்னொரு பிரிவிலும் இறப்பு குறைந்தது. செடியின் கொழுப்பு மட்டும்தான் காப்பாற்றும் என்று கொடி பிடிக்க முடியாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். (குறைமாதக் குழந்தை விஷயத்தில் மருத்துவர் சொல்லாமல் எதையும் தடவக் கூடாது. இதைப் படித்துவிட்டு யாரும் சமையலறைக்கு ஓட வேண்டாம்.)

ஏன் சூரியகாந்தி? அங்கே வழக்கமாகக் குழந்தைக்குத் தேய்ப்பது கடுகெண்ணெய். ஆய்வாளர்கள் முன்னதாக நான்கு எண்ணெய்களை எலித்தோலில் வைத்துச் சோதித்திருந்தார்கள். சேதமான சுவர் சூரியகாந்தியால் ஒரு மணி நேரத்துக்குள் வேகமாகத் தேறத் தொடங்கியது. கடுகு, ஆலிவ், சோயா மூன்றும் தேறுவதைத் தாமதப்படுத்தின.

லினோலெயிக் குறைவான கடுகையும் ஆலிவையும் புரிந்துகொள்ளலாம். இடிப்பது சோயாதான். சோயா எண்ணெயிலும் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலம்தானே? இருந்தும் அது தோற்றது. ஆகவே "லினோலெயிக் நிறைய இருந்தால் நல்ல எண்ணெய்" என்பது நல்ல வழிகாட்டி, சட்டம் இல்லை. எண்ணெய் என்பது ஒரே ஒரு அமிலம் நிரம்பிய பாத்திரமும் இல்லை. கூடவே வரும் மற்ற அமிலங்கள், கொலஸ்ட்ரால் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீரால்கள், சுத்திகரித்த விதம் எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஆலிவ் எண்ணெயின் குற்றம் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதில் பெரும்பங்கு ஒலெயிக் அமிலம். ஏறக்குறைய 70 சதவீதம். தோலின் கலவையில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நீளமானவை, நேரானவை. ஈர்க்குக்குச்சிகளை அடுக்கியதுபோல நெருக்கமாகச் சேரும். ஒலெயிக் அமிலம் நடுவில் வளைந்தது. நேரான குச்சிகளுக்கு நடுவே ஒரு வளைந்த குச்சியைச் செருகினால் கட்டு தளரும். மருந்து தயாரிப்பவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்: தோல் வழியாக மருந்தை உள்ளே அனுப்ப வேண்டுமென்றால் ஒலெயிக் அமிலத்தைச் சேர்ப்பதுண்டு. கதவைத் திறந்துவிடும் ஆளைக் கூப்பிட்டுக் காவலுக்கு வைத்தால் என்ன ஆகும்? 2013-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பெரியவர்களின் முன்கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். சுவர் பலவீனமானது, லேசாகச் சிவப்பும் வந்தது. சூரியகாந்தி தடவிய கையில் சேதம் இல்லை, ஈரப்பதம் கூடியது.

இத்தோடு சூரியகாந்திக்கு மாலை போட்டு அனுப்பிவிடலாம் என்றால், 2016-ல் மான்செஸ்டரில் 115 பச்சைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு குறுக்கே வருகிறது. ஆலிவ், சூரியகாந்தி இரண்டில் எதைத் தடவினாலும் தோலில் ஈரம் கூடியது. ஆனால் எதுவுமே தடவாத குழந்தைகளின் தோலில்தான் கொழுப்பு அடுக்குகள் ஒழுங்காக அமைந்தன. பிரச்சினையே இல்லாத தோலுக்கு மருந்து எதற்கு என்று அந்தக் குழந்தைகள் கேட்பதுபோல இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்து, நல்லபடியாக இருக்கும் தோல் தன் சுவரைத் தானே கட்டிக்கொள்ளும்.

அடுப்படி அலமாரி

நம் வீட்டு எண்ணெய்களுக்கு வருகிறேன். நல்லெண்ணெயில் ஒலெயிக்கும் லினோலெயிக்கும் ஏறக்குறைய சரிபாதி, இரண்டும் 40 சதவீதத்தை ஒட்டி. கடலை எண்ணெயில் ஒலெயிக் கை ஓங்கியிருக்கும். தவிட்டெண்ணெய் இரண்டுக்கும் நடுவில். குசும்பா எண்ணெயில் லினோலெயிக் முக்கால் பங்கு வரை போகும். விளக்கெண்ணெய் தனி ஜாதி. அதில் பெரும்பகுதி ரிசினோலெயிக் அமிலம், கையில் எடுத்தாலே பசைபோல இழுக்கும்.

சூரியகாந்தியில் ஒரு கண்ணி இருக்கிறது. சாதாரண வகையில் லினோலெயிக் 60 சதவீதம் அளவுக்கு இருக்கும். ஆனால் நீண்ட நேரம் பொரித்தாலும் கெடாமல் இருக்க வேண்டும் என்று ஒலெயிக் 80 சதவீதம் இருக்கும்படி வளர்த்த ரகங்களும் உண்டு. இரண்டுக்கும் பெயர் சூரியகாந்திதான், படமும் அதே மஞ்சள் பூதான். பாக்கெட்டின் பின்புறம் திருப்பினால் மூஃபா, பூஃபா என்று 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று அச்சிட்டிருப்பார்கள். மூஃபா என்பது இங்கே பெரும்பாலும் ஒலெயிக், பூஃபா பெரும்பாலும் லினோலெயிக். தோலுக்கு என்றால் பூஃபா அதிகம் உள்ளதை எடுங்கள். செடியின் பெயரைப் பார்ப்பதை விட இந்த இரண்டு எண்களைப் பார்ப்பது பயன் தரும். மொத்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பதே இவ்வளவுதான் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயை மறந்துவிடவில்லை. இந்தக் கணக்கில் அது படுதோல்வி அடைய வேண்டும். லினோலெயிக் வெறும் 2 சதவீதத்தை ஒட்டி. ஆனால் பிலிப்பைன்ஸில் கரப்பான் (எக்சிமா) உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்துப் பார்த்தபோது, கனிம எண்ணெயை விட வெர்ஜின் தேங்காய் எண்ணெய் நன்றாகவே வேலை செய்தது. காரணம் வேறு பாதையில் இருக்கிறது. அதில் பாதியளவு இருப்பது லாரிக் அமிலம். கரப்பான் தோலில் குடியேறித் தொல்லை தரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு லாரிக் அமிலம் எதிரி. தேங்காய் எண்ணெய் கலவைக்குச் சரக்கு தருவதில்லை. வாசலில் நின்று காவல் காக்கிறது. இரண்டும் வேண்டிய வேலைதான்.

மரச்செக்கு எண்ணெய்தான் தோலுக்கும் நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. செக்கில் ஆட்டியதில் ஸ்டீரால், வைட்டமின் ஈ போன்றவை கூடுதலாகத் தங்கும். அதே சமயம் பிரிந்து நிற்கும் கொழுப்பு அமிலங்களும் கூடுதலாக இருக்கும். ஒலெயிக் மிகுந்த எண்ணெயில் அது எரிச்சலைக் கூட்டலாம். புண்பட்ட தோலுக்கு நான் சுத்திகரித்ததையே எடுப்பேன், சமையலுக்குச் செக்கு எண்ணெய். இன்னொன்று, லினோலெயிக் அமிலம் காற்று பட்டால் ஒலெயிக்கை விடப் பல மடங்கு வேகமாகக் கெடும். சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் தோலுக்கு ஆகாது. ஜன்னலோரத்தில், வெயில் படும் இடத்தில், பாதி காலியான பாட்டிலில் வைக்காதீர்கள். நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். எள்ளிலிருந்து வரும் செசமால் போன்ற பொருட்கள் அதைக் காக்கின்றன.

செடியில் செரமைடு உண்டா?

உண்டு, ஆனால் நம்முடையதைப் போல இல்லை. அரிசித் தவிடு, கோதுமை, சோளம், கோஞ்சாக் கிழங்கு ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள். கோஞ்சாக் என்றால் யாரோ என்று நினைக்க வேண்டாம். நம் சேனைக்கிழங்கின் ஒன்றுவிட்ட தம்பி, ஜப்பானில் பேர்போனது. செடியின் செரமைடில் பெரும்பாலும் ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டிக்கொண்டிருக்கும். மூலக்கூறின் முதுகெலும்பு போன்ற சங்கிலியின் அமைப்பிலும் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும். வேடிக்கை என்னவென்றால் நம் தோலும் செரமைடைச் சர்க்கரை ஒட்டிய நிலையில்தான் முதலில் தயாரித்துப் பொட்டலம் கட்டி வைக்கிறது; சுவருக்கு அனுப்பும்போதுதான் ஒரு நொதி சர்க்கரையைக் கழற்றிவிடுகிறது.

ஜப்பானில் செடிச் செரமைடை மாத்திரையாகவும் பானமாகவும் சாப்பிடுகிறார்கள். குடலில் அது உடைந்துவிடும். அப்படியே முழுசாகத் தோலுக்குப் போய் உட்காருவதில்லை. இருந்தாலும் சிறிய அளவிலான ஆய்வுகளில் தோலின் நீரிழப்பு குறைந்திருக்கிறது. உடைந்த துண்டுகள் தோலைத் தூண்டிவிட்டுச் சொந்தமாகத் தயாரிக்க வைக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

கிரீம் டப்பாவில் செரமைடு என்பி, ஏபி என்று எழுதியிருப்பது பெரும்பாலும் இந்தச் செடிச் சரக்கு இல்லை. ஈஸ்ட் வகை ஒன்றை நொதிக்கவிட்டு அதிலிருந்து எடுக்கும் பைட்டோஸ்பிங்கோசினை வைத்துச் செய்வது. பைட்டோ என்றால் தாவரம். பெயரில் மட்டும் செடி. மனிதத் தோலிலும் அதே பொருள் இருப்பதால் பொருத்தமென்னவோ நன்றாகத்தான் இருக்கும். கொலஸ்ட்ராலுக்கு வந்தால், செடிகளில் அது சொற்பம். கிரீமுக்குச் சேர்க்கும் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஆட்டு ரோமத்து மெழுகிலிருந்து வருகிறது. பிராணி சம்பந்தமே வேண்டாம் என்பவர்களுக்குச் செடியின் பதில் சைட்டோஸ்டீரால்: அச்சு அசல் கொலஸ்ட்ரால்தான், வாலில் இரண்டு கார்பன் மட்டும் கூடுதல். மேற்கு ஆப்பிரிக்கப் பெண்கள் ஷியா கொட்டையை வறுத்து, இடித்து, கடைந்து எடுக்கும் வெண்ணெயில் சோப்பாக மாறாத இந்த வகைப் பொருட்கள் மற்ற எண்ணெய்களை விட அதிகம். குதிகால் வெடிப்புக்கு அது நன்றாக நிற்பதில் வியப்பில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஸ்டியரிக் அமிலம் வேறு, கட்டியாகவே இருக்கும்.

தடவும்போது

எண்ணெயில் தண்ணீர் இல்லை. அது ஈரத்தைக் கொண்டுவராது. இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடிக்கும். ஆகவே குளித்துத் துவட்டி, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, மெல்லிசாக. காய்ந்த தோலில் வழிய வழியத் தேய்ப்பது சட்டைக்குத்தான் லாபம். தேய்த்து ஊறிய பிறகு காரமான சோப்பு போட்டு வழித்துவிட்டால் செய்ததெல்லாம் சாக்கடையில்.

பொடுகு உள்ள தலைக்கு எண்ணெய் வைத்தால் பொடுகு போகும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இதில் மட்டும் அவர்களோடு மோத வேண்டியிருக்கிறது. பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. அது எண்ணெயை உடைத்துத் தனக்கு வேண்டியதைத் தின்றுவிட்டு ஒலெயிக் அமிலத்தை மிச்சம் வைக்கும். அந்த மிச்சம்தான் தலையை உரிய வைக்கிறது. எண்ணெய் வைத்த அன்று செதில் தெரியாது. ஏன் தெரியாது என்பது இப்போது உங்களுக்கே தெரியும்: பஜ்ஜித் தாள்.

தோல் வெடித்தோ நீர் கோத்தோ இருக்கும் குழந்தைக்குக் கடலை எண்ணெய் கலந்த களிம்பு வேண்டாம். வீங்கிச் சிவந்த தோலில் அப்படிப்பட்ட களிம்பு தடவப்பட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை அதிகம் காணப்பட்டதாக இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2003-ல் காட்டியது. பிறந்த நாளிலிருந்தே தினமும் கிரீம் தடவினால் கரப்பான் வராமல் தடுக்கலாம் என்ற ஆசையும் பலிக்கவில்லை. 1,394 குழந்தைகளிடம் சோதித்த பிரிட்டன் ஆய்வு 2020-ல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. வந்த வறட்சியைத் தணிப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு.

கடைசியாக, உங்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று வீட்டிலேயே பார்க்க ஒரு வழி. இடது காலுக்கு ஓர் எண்ணெய், வலது காலுக்கு இன்னொன்று, மூன்று வாரம். தோலின் மேலடுக்கு முழுக்கப் புதிதாக இரண்டு வாரத்துக்குப் பக்கம் ஆகும் என்பதால் அதற்குக் குறைவாகப் பார்த்துப் பயனில்லை. தடவிய அன்று கீறிப் பார்ப்பதிலும் அர்த்தம் இல்லை. எண்ணெய்தான் கோட்டை மறைக்குமே. மூன்று வாரம் கழித்து இரண்டையும் நிறுத்துங்கள். அதன் பிறகு வரும் நாட்களில் தினமும் நகத்தால் லேசாக ஒரு கோடு. எந்தக் காலில் கோடு தாமதமாகத் திரும்பி வருகிறதோ அந்த எண்ணெய் சுவருக்குள் ஏதோ வேலை செய்திருக்கிறது. தோல் ஆய்வகங்களிலும் கிரீம்களை இப்படி நிறுத்திப் பார்த்துத்தான் சோதிக்கிறார்கள். அவர்களிடம் கருவி இருக்கிறது, நம்மிடம் நகம். எந்தக் காலுக்கு எந்த எண்ணெய் என்பதை மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். காலிலேயே எழுதிக்கொள்ளலாமே என்றால், முதல் நாள் மட்டும்தான் எழுத வரும்.